‘பொம்பே ட்ரீம்ஸ்’: சினிமாக் கனவைக் கேலி செய்த ஓர் இசை நாடகத்தின் வரலாறு

எமது பாடசாலை நாடகங்களில் இராஜாவும் நாமே, மந்திரியும் நாமே, வாயிற்காப்போனும் நாமே. கரியால் மீசை வரைந்து, தலைப்பாகை கட்டி, குரலைத் தடிப்பாக்கி வசனம் பேசிய காலத்தைப் பழைய மாணவிகள் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மேடையில் இருந்து இறங்கிய பின்னர், “நீ சினிமாவில் நடிக்கலாம்” என்று யாராவது ஒரு தோழி சொல்லியிருப்பாள். நாமும் சிரித்துக்கொண்டு வீடு போயிருப்போம். வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தால் என்ன நடக்கும் என்பது எமக்குத் தெரியும்.

சினிமா நட்சத்திரமாகும் அந்த ஆசை எங்கிருந்து வருகிறது, அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்ற கேள்வியை எடுத்துக்கொண்ட ஓர் இசை நாடகம் 2002ஆம் ஆண்டு இலண்டனில் மேடையேறியது. அதன் பெயர் ‘பொம்பே ட்ரீம்ஸ்’. பம்பாய்க் கனவுகள் என்று தமிழில் சொல்லலாம். இசையமைத்தவர் சென்னையைச் சேர்ந்த ஏ. ஆர். ரஹ்மான். அதன் பாட்டுகளுள் சிலவற்றை நாம் அதற்கு முன்னரே தமிழில் கேட்டிருந்தோம். இன்று எமது சங்கத்தினர் பலர் வாழும் நகரங்களில் நிகழ்ந்த வரலாறு என்பதாலும், அதன் உள்ளே பெண்களுக்கான ஒரு பாடம் இருப்பதாலும், இந்த நூற்றாண்டு மலரில் அதைப் பதிந்து வைப்பது பொருத்தமாகும்.

மேடை சினிமாவைப் பார்த்துச் சிரித்த மரபு

சினிமா வளரத் தொடங்கிய காலத்திலேயே நாடக மேடை அதைக் கேலி செய்யத் தொடங்கிவிட்டது. 1922இல் ஜோர்ஜ் கவ்மனும் மார்க் கொனலியும் எழுதிய ‘மேர்ட்டன் ஒஃப் த மூவீஸ்’ நியூயோர்க்கில் மேடையேறியது. சிறிய ஊரொன்றில் கடைச் சிப்பந்தியாக இருக்கும் இளைஞன் ஒருவன் பெரிய சோக நடிகனாகும் ஆசையோடு ஹொலிவூட்டுக்குப் போகிறான். அவன் உருகி உருகி நடிக்கிறான். பார்ப்பவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். தான் நகைச்சுவை நடிகனாக்கப்பட்டது அவனுக்குக் கடைசியில்தான் தெரிகிறது. 1964இல் வந்த ‘ஃபேட் அவுட் ஃபேட் இன்’ என்னும் இசை நாடகத்தில், தவறுதலாகத் தெரிவு செய்யப்பட்ட பெண்ணொருத்தி கதாநாயகியாக்கப்படுகிறாள்.

1993இல் அன்ட்ரூ லொயிட் வெபர் இசையமைத்த ‘சன்செற் புலவார்ட்’ இலண்டனில் அரங்கேறியது. பில்லி வைல்டரின் 1950ஆம் ஆண்டுத் திரைப்படமே இதன் மூலம். மௌனப் படக் காலத்தில் கொடிகட்டிப் பறந்து, பேசும் படம் வந்ததும் ஒதுக்கப்பட்ட நடிகை ஒருத்தி, ஒருநாள் திரும்பிப் போவேன் என்ற நம்பிக்கையோடு பெரிய மாளிகையில் தனியே வாழ்ந்து புத்தி பேதலிப்பதே கதை. இலண்டனில் அந்த வேடத்தை ஏற்றவர் பற்றி லுப்போன். நியூயோர்க்கிலும் அவரே நடிப்பார் என்று ஒப்பந்தம் இருந்தது. ஆனால் அங்கே அந்த வேடம் கிளென் குளோசுக்குப் போயிற்று. லுப்போன் வழக்குத் தொடர்ந்தார். பின்னர் அது சமரசத்தில் முடிந்தது. தூக்கியெறியப்பட்ட நடிகையின் துயரத்தைப் பாடிய நாடகமே ஒரு நடிகையைக் கைவிட்டது.

அந்த நாடகத்தின் பாடலாசிரியர்களுள் ஒருவரான டொன் பிளாக், ‘பொம்பே ட்ரீம்ஸ்’ நாடகத்துக்கும் பாட்டெழுதினார். தயாரிப்பாளர் லொயிட் வெபர். முன்னைய நாடகம் நட்சத்திர வாழ்வின் அந்திமத்தைப் பார்த்தது. இது அதன் தொடக்கத்தைப் பார்த்தது.

நாடகம் உருவான விதம்

லொயிட் வெபரும் திரைப்பட இயக்குநர் சேகர் கபூரும் சேர்ந்து யோசித்த கரு இது. கதை வசனத்தை எழுதியவர் மீரா சயால். இங்கிலாந்தில் பஞ்சாபிக் குடும்பமொன்றில் பிறந்து வளர்ந்த எழுத்தாளர், நடிகை. ‘குட்னஸ் கிரேசியஸ் மீ’ என்ற பிபிசி நகைச்சுவைத் தொடரில் தம்மவரையும் வெள்ளையரையும் ஒருசேரக் கிண்டல் செய்தவர். ஸ்டீவன் பிம்லொட் இயக்கினார். நடன அமைப்பை அன்டனி வான் லாஸ்டும் பம்பாயின் ஃபாரா கானும் பகிர்ந்துகொண்டனர். மேடையையும் உடைகளையும் மார்க் தொம்சன் வடிவமைத்தார்.

2002 ஜூன் 19ஆம் திகதி, விக்டோரியா புகையிரத நிலையத்துக்கு அருகேயுள்ள அப்பலோ விக்டோரியா அரங்கில் நாடகம் தொடங்கியது. அந்த அரங்கு 1930இல் ஒரு சினிமாக் கொட்டகையாகவே திறக்கப்பட்டது. நாடகம் தொடங்கிய நேரமும் நல்ல நேரம். ‘லகான்’ திரைப்படம் அவ்வாண்டு ஒஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்தது. அதற்கும் இசை ரஹ்மானே. ‘தேவதாஸ்’ கான் விழாவில் திரையிடப்பட்டிருந்தது. ‘பெண்ட் இற் லைக் பெக்கம்’ இங்கிலாந்துத் திரையரங்குகளில் ஓடிக்கொண்டிருந்தது. இந்தியச் சினிமாவை அதுவரை ஏளனமாகப் பார்த்த இலண்டன், அவ்வாண்டு கோடையில் அதை விருப்பத்தோடு பார்க்கத் தொடங்கியது.

பம்பாய் என்ற பெயர் 1995இலேயே மும்பை என மாற்றப்பட்டுவிட்டது. நாடகம் பழைய பெயரையே வைத்துக்கொண்டது. மும்பை ஒரு நகரம். பம்பாய் ஒரு கனவு என்று அதற்குப் பொருள் கொள்ளலாம்.

கதை

பாரடைஸ், அதாவது சொர்க்கம், என்று பெயர் கொண்ட குடிசைப் பகுதியில் ஆகாஷ் என்ற இளைஞன் வாழ்கிறான். அவனை வளர்ப்பவர் பாட்டி சாந்தி. எந்நேரமும் சினிமாப் பாட்டு, எந்நேரமும் சினிமா நினைப்பு. அவனுடைய உற்ற தோழி ஸ்வீட்டி என்ற திருநங்கை. அவள் அவனை மனதுக்குள் நேசிக்கிறாள். அந்தக் குடிசைப் பகுதி இடிக்கப்படப் போகிறது. விக்ரம் என்ற வழக்கறிஞர் ஏழைகளுக்காக வாதாடுவதாகச் சொல்லி வருகிறார். இயக்குநர் மதனின் மகள் பிரியா, அந்த வழக்கறிஞருக்கு நிச்சயிக்கப்பட்டவள். தானும் ஒரு நல்ல படம் எடுக்க வேண்டும் என்று விரும்புகிறவள்.

அழகுராணிப் போட்டி ஒன்றில் நிகழும் குழப்பத்தில் ஆகாஷ் திரையுலகத்தின் கண்ணில் படுகிறான். புகழ்பெற்ற நடிகை ராணிக்குச் சோடியாகிறான். பணமும் பெயரும் வருகின்றன. வந்ததும், தான் பிறந்த இடத்தையும் வளர்த்தவர்களையும் மறைக்கத் தொடங்குகிறான். ஏழைகளின் நண்பனாக வந்த விக்ரமே குடிசைகளை அழிக்க நிற்பவன் என்பதை ஸ்வீட்டி அறிந்துகொள்கிறாள். அதற்காக அவள் கொல்லப்படுகிறாள். அந்த மரணமே ஆகாஷைத் தன் வீட்டுக்குத் திரும்பச் செய்கிறது.

இந்தக் கதை ஒரு பழைய இந்திப் படத்தின் கதைபோல இருக்கிறதே என்று தோன்றும். அது வேண்டுமென்றே செய்யப்பட்டது. சினிமாவைக் கேலி செய்யும் நாடகம் சினிமாவின் அச்சிலேயே வார்க்கப்பட்டது. ஏழை நாயகன், பணக்கார நாயகி, நல்லவன்போல் நடிக்கும் வில்லன், நடுவே பாட்டு. மழையில் நனைந்த சேலையோடு ஆடும் பாட்டு இந்திப் படங்களின் வழக்கம். அதைக் கிண்டல் செய்வதற்காக மேடையிலேயே நீரூற்றுகள் பீறிட, ராணியும் குழுவினரும் நனைந்து ஆடினர். கேலி செய்த காட்சியே நாடகத்தின் மிகப் பிரபலமான காட்சியாயிற்று. சபையோர் சிரித்தார்களா, மயங்கினார்களா என்று பிரித்துச் சொல்வது கடினம். இவ்வகை நாடகத்துக்கு உள்ள இடர்ப்பாடு இதுவே. எதைக் கண்டிக்க வருகிறதோ அதன் அழகையும் அது விற்க வேண்டியிருக்கிறது.

கேலிக்குப் பின்னால் உண்மையும் இருந்தது. அக்காலப் பம்பாய்த் திரையுலகில் வங்கிக் கடன் பெறுவது அரிது. நிழலுலகப் பணம் படங்களுக்குள் புகுந்திருந்தது. 1997இல் இசைநாடா நிறுவன அதிபர் குல்ஷன் குமார் பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டது உலகறிந்த செய்தி. 1998இல் இந்திய அரசு சினிமாவுக்குக் கைத்தொழில் என்ற அந்தஸ்தை அறிவித்தது. எனவே நாடகத்தில் நட்சத்திரங்களுக்குப் பின்னே நின்ற கறுப்பு நிழல் வெறும் கற்பனை அன்று.

மூன்று பெண் பாத்திரங்கள்

இந்நாடகத்தைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் ஆகாஷின் கதையாகவே அதை எழுதினர். அவன் மேலே போகிறான், தடுமாறுகிறான், திருந்துகிறான். ஆனால் விலை கொடுத்தவர் யார் என்று பார்த்தால் கணக்கு வேறாக இருக்கிறது.

ராணி ஏற்கனவே நட்சத்திரம். தன் இடம் எவ்வளவு காலத்துக்கு என்பது அவளுக்குத் தெரியும். கதாநாயகன் ஐம்பது வயதிலும் கல்லூரி மாணவனாக வரலாம். கதாநாயகிக்கு அந்தச் சலுகை இல்லை. அவளுடைய ஆணவத்தைப் பார்த்துச் சிரிக்கிறோம். அந்த ஆணவம் பயத்தின் மறுபக்கம் என்பதை நடிகை நன்றாகச் செய்தால் மட்டுமே காண்கிறோம். இலண்டனிலும் நியூயோர்க்கிலும் அவ்வேடத்தை ஏற்றவர் ஆயிஷா தார்க்கர். 1998இல் சந்தோஷ் சிவன் தமிழில் எடுத்த ‘த டெரரிஸ்ட்’ படத்தில் அதிகம் பேசாத மல்லியாக வந்தவரும் இவரே. அந்த மௌனத்தையும் இந்த ஆர்ப்பாட்டத்தையும் ஒருவரே செய்தார் என்பது வியப்புக்குரியது.

பிரியாவுக்கு வேண்டியது புகழன்று, தொழில். படத்தில் நடிக்க அல்ல, படம் எடுக்க விரும்புகிறாள். ஆனால் அவளை எல்லோரும் மதனின் மகளாகவும் விக்ரமின் வருங்கால மனைவியாகவுமே பார்க்கிறார்கள். இந்த நிலை எமக்குப் புதிதன்று.

ஸ்வீட்டியிடம் பெயரும் இல்லை, இடமும் இல்லை. நண்பனின் உயர்ச்சியில் அவளுக்குப் பங்கு கிடைக்கவில்லை. அவனுடைய தவறின் பாரம் மாத்திரம் அவள் தலையில் விழுகிறது. அவளை முழு மனிதராக, நகைச்சுவையும் காதலும் துணிவும் உள்ளவராக மேடையில் நிறுத்தியது 2002இல் பெரிய காரியம். இலண்டனில் ராஜ் கடக் அவ்வேடத்தில் நடித்தார். எனினும் கதாநாயகன் திருந்துவதற்கு அவள் ஏன் சாக வேண்டும் என்ற கேள்வி நாடகம் முடிந்த பின்னும் நிற்கிறது. நட்சத்திர உலகம் எளியவரைப் பயன்படுத்திக் கைவிடுகிறது என்று சொல்ல வந்த நாடகம், தன் மிக எளிய பாத்திரத்தை அவ்வாறே பயன்படுத்தியது.

இதற்கு ஒரு நீண்ட முன்கதை உண்டு. 1913இல் பால்கே ‘ராஜா ஹரிச்சந்திரா’ எடுத்தபோது நடிக்கப் பெண்கள் முன்வரவில்லை. உணவகமொன்றில் சமையல் வேலை செய்த சாலுங்கே என்ற ஆண்மகன் சந்திரமதியாக நடித்தார். குடும்பத்துப் பெண் திரையில் தோன்றினால் குடும்பத்தின் பெயர் போய்விடும் என்பது அக்கால எண்ணம். தமிழில் 1931இல் ‘காளிதாஸ்’ படத்தின் நாயகியாக வந்த ரி. பி. ராஜலக்ஷ்மி, வறுமையால் நாடக மேடைக்கு வந்தவர். அவரே 1936இல் ‘மிஸ் கமலா’ என்ற படத்தை எழுதி, இயக்கி, நடித்தார். பிரியா என்ற பாத்திரம் 2002இல் கண்ட கனவை, அறுபத்தாறு ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு தமிழ்ப் பெண் செய்து முடித்துவிட்டார். அவருடைய பெயரை இன்று எத்தனை பேர் அறிவர்?

ஒரு பாட்டின் பயணம்

நீரூற்றில் ஆடிய அந்தப் பாட்டு ‘ஷக்கலக்க பேபி’. இதை நாம் முதலில் கேட்டது 1999இல், ஷங்கரின் ‘முதல்வன்’ படத்தில். வைரமுத்து எழுத, வசுந்தரா தாஸ் பாடினார். திரையில் ஆடியவர் 1994இல் பிரபஞ்ச அழகியாகத் தெரிவான சுஷ்மிதா சென். 2001இல் ‘நாயக்’ என்ற பெயரில் அப்படம் இந்திக்குப் போனபோது பாட்டும் கூடப் போயிற்று. அடுத்த ஆண்டு அது ஆங்கிலம் பேசிக்கொண்டு இலண்டன் மேடைக்கு வந்தது. மணிரத்னத்தின் படத்தில் 1998இல் ஓடும் புகையிரதத்தின் கூரையில் ஆடப்பட்ட பாட்டும், ‘சய்யா சய்யா’ என்ற இந்தி வடிவத்தில் மேடையேறியது. ‘உயிரே’ படத்தில் ‘தையா தையா’ என்று நாம் கேட்டதும் அதுவே. அன்று அதற்கு நடனம் அமைத்த ஃபாரா கானே இலண்டனிலும் அமைத்தார்.

ரஹ்மானின் வாழ்க்கையும் இங்கே நினைக்கத் தக்கது. அவருடைய தந்தை ஆர். கே. சேகர் மலையாளத் திரையுலகில் உழைத்த இசைக் கலைஞர். மகனுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அவர் இறந்துபோனார். சிறுவன் இளமையிலேயே இசைக்குழுக்களில் வாசித்து வீட்டைத் தாங்க வேண்டியதாயிற்று. வெளிச்சத்துக்குப் பின்னால் நின்று உழைக்கும் கலைஞர்களின் வாழ்வு அவருக்குக் கேள்விப்பட்ட விடயம் அன்று. குடிசைச் சிறுவன் ஒருவனின் கனவுக்கு அவர் மீண்டும் இசையமைத்தது ‘ஸ்லம்டோக் மில்லியனெயர்’ படத்தில். அதற்காக 2009இல் இரண்டு ஒஸ்கார் விருதுகள் கிடைத்தன. இடையில் 2006இல் ரொறன்ரோவில் மேடையேறிய ‘லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்’ இசை நாடகத்திலும் அவர் பங்குகொண்டார்.

நியூயோர்க் ஆசை

இலண்டனில் நாடகம் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நடந்து 2004 ஜூன் 13இல் நிறைவுற்றது. விமர்சகர்கள் கதையைக் குறை கூறினாலும் இசையையும் காட்சியையும் பலர் விரும்பினர். முக்கியமாக, அதுவரை கடைக்காரராகவும் வைத்தியராகவும் மட்டுமே சிறு வேடங்கள் பெற்றுவந்த தெற்காசிய வம்சாவளி நடிகர்கள், இலண்டனின் பெரிய மேடையொன்றை நிறைத்து நின்றனர். ஆகாஷாக ராசா ஜஃப்ரியும் பிரியாவாக பிரியா காளிதாசும் நடித்தனர். பிள்ளைகள் மருத்துவமோ பொறியியலோ படித்தால் மட்டுமே நிம்மதி என்று வாழ்ந்த புலம்பெயர்ந்த பெற்றோருக்கு, அந்த மேடை ஒரு புதிய காட்சி.

அதன் பின்னர் நாடகம் தானும் ஒரு நட்சத்திரக் கனவு கண்டது. 2004 ஏப்ரல் 29ஆம் திகதி நியூயோர்க்கின் புரோட்வே அரங்கில் அது தொடங்கியது. இந்த அரங்கும் சினிமாவுக்காகவே 1924இல் திறக்கப்பட்டது. 1928இல் மிக்கி மவுசின் ‘ஸ்ரீம்போட் வில்லி’ திரையிடப்பட்டதும் இங்கேதான். ஏறத்தாழ 14 மில்லியன் டொலர் முதலிடப்பட்டது. இந்திப் படம் பார்த்துப் பழகாத அமெரிக்கருக்குப் புரிய வேண்டும் என்று தோமஸ் மீஹான் கதையைத் திருத்தினார். மனு நாராயண், அனிஷா நாகராஜன், ஸ்ரீராம் கணேசன், மூத்த நடிகை மதுர் ஜஃப்ரி ஆகியோர் நடித்தனர். நடனம், உடை, வாத்திய இசையமைப்பு ஆகிய மூன்றுக்கும் டோனி விருதுப் பரிந்துரைகள் கிடைத்தன. விமர்சனங்கள் பெரும்பாலும் சாதகமாக இல்லை.

சபை குறைந்தபோது, ‘அமெரிக்கன் ஐடல்’ தொலைக்காட்சிப் போட்டியால் பிரபலமான பாடகி ரமைரா கிரே பிரியா வேடத்துக்குக் கொண்டுவரப்பட்டார். புகழைத் துரத்துவதைக் கிண்டல் செய்த நாடகம், தன்னைக் காப்பாற்றப் புகழ்பெற்ற ஒருவரைத் தேட வேண்டியதாயிற்று. அதுவும் போதவில்லை. 284 காட்சிகளின் பின், 2005 ஜனவரி முதலாம் திகதி, முதலீட்டை மீட்காமலேயே திரை விழுந்தது.

தோல்விக்குப் பல காரணங்கள் சொல்லப்பட்டன. எனக்குப் படுவது ஒன்று. இலண்டனில் அந்நாடகத்துக்குப் பின்னால் ஒரு சமூகம் இருந்தது. இந்திப் பாட்டு தெரிந்த பேரப்பிள்ளைகள், கேலி புரிந்த தாய்மார், அவர்கள் அழைத்து வந்த வெள்ளைக்கார அயலவர். ஆகாஷுக்குப் பாரடைஸ் எப்படியோ, அந்நாடகத்துக்கு அவர்கள் அப்படி. பெரிய மேடைக்காகத் தன்னை மாற்றிக்கொண்டபோது அது அவர்களையும் பின்னால் விட்டுச் சென்றது. ஆகாஷுக்குத் திரும்பிப் போக ஓர் இடம் மிஞ்சியது. நாடகத்துக்கு மிஞ்சவில்லை.

எமது பிள்ளைகளுக்கு

இன்று நட்சத்திரமாவதற்குப் பம்பாய்க்கோ கோடம்பாக்கத்துக்கோ போகத் தேவையில்லை. கைத்தொலைபேசி போதும். பாட்டுப் போட்டிகளில் எமது பிள்ளைகள் கலந்துகொள்கின்றனர், வெல்கின்றனர், வெளியேற்றப்படும்போது கோடிக்கணக்கானோர் பார்க்க அழுகின்றனர். அவர்களைத் தடுத்து நிறுத்துவது எமது வேலையன்று. எம்மைத் தடுத்தவர்கள் காட்டிய காரணம் குடும்பத்தின் பெயர். அந்தக் காரணத்தால் எத்தனையோ நல்ல குரல்கள் சமையலறையோடு நின்றுபோயின. அதுவும் ஒரு விலையே. அதைக் கொடுத்தவர்களும் பெண்களே.

ஆனால் ஆசைப்படும் பிள்ளையிடம் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். நீ முன்னே நிற்பதற்காகப் பின்னே நிற்பவர் யார்? பெயர் வந்த பின்னும் உன் வீட்டு முகவரியைச் சொல்லுவாயா? நடிப்பதா, பிரியாவைப் போலப் படைப்பதா, எது உன் விருப்பம்? இவற்றுக்கு விடை வைத்திருப்பவள் எங்கு போனாலும் தொலைந்து போகமாட்டாள்.

தமிழ்மொழித் தினப் போட்டிக்கு நாடகம் தேடும் ஆசிரியைகளுக்கும் ஒரு வேண்டுகோள். நட்சத்திரக் கனவைக் கேலி செய்யும் நாடகமொன்றை எமது மாணவிகளே எழுதட்டும். அதில் ஸ்வீட்டி போன்ற ஒரு பாத்திரம் வரட்டும். இம்முறை அவள் கடைசிக் காட்சி வரை உயிரோடு இருக்கட்டும்.